ஒன்பதரை முதல் ஐந்தரை வரை

காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு உக்கிரபாண்டி வீட்டு வாசலில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் ரேசன் கார்டு. ஒருவர் கையில் சுருட்டிய பத்திரம். மூன்றாவது ஆள் கையில் ஒன்றுமில்லை; என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டுப்போக வந்தவர்.

நாகஜோதி குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"வாங்க சித்தப்பா. ஒம்பதரைக்கு ஆபீசுக்கு வந்துருங்க. வெள்ளன வந்தா கூட்டம் இருக்காது. நானே முடிச்சுக் குடுத்துருறேன்."

"அங்க எதுக்கும்மா? நீதான் அங்க போறேல. இத அப்பிடியே பையில போட்டுக்கிட்டுப் போயிரு."

"கைரேகை வைக்கணும் சித்தப்பா. உங்க பெருவிரல நான் பையில போட்டுக்கிட்டுப் போக முடியாதுல்ல."

மற்ற இருவரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். ஆனால் போகும்போது மூவரும் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். உள்ளே பெத்தம்மாள் இருக்கிறாளா என்று பார்த்தார்கள்.

பெத்தம்மாள் உள்ளேதான் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டும் இருந்தாள்.

"வாசல் தேடி வந்தவுகள வெறுங்கையோட அனுப்புற பழக்கம் இந்த வீட்டுல கெடையாது" என்று ஆரம்பித்தாள். "உங்க மாமா இருந்த காலத்துல இந்த வாசல்ல ஒரு ஆளு நின்னா, முதல்ல தண்ணி, பெறகு என்னன்னு கேள்வி. இப்ப என்னடான்னா… மணி பாத்துப் பேசுறா மருமக. கலெக்டரு உத்தியோகம்."

"தண்ணி குடுத்தேன் அத்தை. சொம்பு அந்தா இருக்கு."

"தண்ணி குடுத்தா ஆச்சா? காகிதத்த வாங்கி வச்சா உங்கை என்ன தேஞ்சா போயிரும்?"

நாகஜோதி அடுப்படிக்குத் திரும்பினாள். எட்டு இருபதுக்கு பஸ். அதற்குள் இரண்டு தூக்குவாளி கட்ட வேண்டும்: ஒன்று புருசனுக்கு, ஒன்று தனக்கு. மத்தியானச் சமையல் ஓரகத்தி தங்கலட்சுமியின் பொறுப்பு. காலையும் சாயங்காலமும் நாகஜோதி. வேலைக்குச் சேருவதற்கு முந்தின நாளே அவள் அதைப் பேசி முடித்திருந்தாள்.

"அக்காவுக்கு எட்டு மணி நேர வேலை" என்று தங்கலட்சுமி வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "எங்களுக்குத்தான் ஆரம்பமும் தெரியல, முடிவும் தெரியல."

"நீயும் ஒரு நேரம் சொல்லு தங்கம். நான் இருக்குறப்ப நீ உக்காரு. யாரு வேண்டாம்னா?"

தங்கலட்சுமி உரிப்பதை நிறுத்தினாள். அப்படி ஒன்றைச் சொல்லலாம் என்று அவளுக்கு இதுவரை தோன்றியதில்லை.

* * *

நாகஜோதிக்கு நாற்பத்திரண்டு வயது. அருப்புக்கோட்டையில் பி.காம். முடித்தவள். கல்யாணமான மறுவருடம், ஒரு நூல் மில் அலுவலகத்தில் கணக்கு எழுத அவளுக்கு வேலை உத்தரவு வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்தின வியாழக்கிழமை மாமனார் கம்மங்கொல்லையில் விழுந்தார். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று.

"இருத்தா" என்றாள் பெத்தம்மாள் அன்றைக்கு. ஒரே ஒரு வார்த்தைதான். நாகஜோதி இருந்துவிட்டாள்.

பதினான்கு வருடம். மாமனாருக்கு வேண்டும்போது கட்டில் சட்டத்தை டம்ளரால் தட்டுவார். சாப்பாட்டுக்கும் தட்டுவார், புரண்டு படுக்கவும் தட்டுவார், சில நேரம் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கவும் தட்டுவார். நாகஜோதி சலித்துக்கொண்டதில்லை. ஆனால் அந்தப் பதினான்கு வருடத்தில், இது என் நேரம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு மணி நேரம் இருந்ததில்லை. அவர் போன பிறகும் நாலைந்து வருடம் வீட்டில் யார் டம்ளரைக் கீழே வைத்தாலும் எழுந்துவிடுவாள். மகள் மதுரையில் காலேஜ் விடுதிக்குப் போனபிறகுதான், ஒரு மாலை அவள் புருசனிடம் சொன்னாள்: "டவுனுல ஒரு கம்ப்யூட்டர் சேவை மையத்துல ஆளு கேக்குறாக. நான் போகலாம்னு இருக்கேன்."

உக்கிரபாண்டி மருந்தடிக்கும் தெளிப்பானைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மழைக்குக் காத்திருக்கும் ஆவணி மாதம். "ஊரு என்ன சொல்லும்?" என்றார். பிறகு, "போயித்தான் பாரு" என்றார்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது அந்த மையம். சான்றிதழ்களுக்கு மனுப் போடுவது, பெயர்த் திருத்தம், பட்டா நகல், இப்படி. நடத்துகிற ராம்குமாருக்கு முப்பது வயதிருக்கும். சேர்ந்த அன்றைக்கே நாகஜோதி அவனிடம் ஒரு முழுத்தாளை நீட்டினாள். அனுப்புநர், பெறுநர், பொருள், எல்லாம் இருந்தது. உள்ளே நான்கு வரி. வேலை நேரம் ஒன்பதரை முதல் ஐந்தரை வரை. ஐந்தே முக்கால் பஸ்ஸில் வீடு. அதன்பின் அலுவலகப் பேச்சுக்குப் போன் எடுப்பதில்லை. மனுக்களை வீட்டில் வாங்குவதில்லை.

ராம்குமார் இரண்டு தடவை படித்தான். "அக்கா, வேலைக்குச் சேர வந்தவுக கண்டிசன் போடுறத இப்பத்தான் பாக்குறேன்."

"கண்டிசன் இல்ல சார். நான் எப்ப இருப்பேன்னு சொல்றேன். இருக்குற நேரம் முழுசா இருப்பேன்."

முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவன் நான்கு தடவை கூப்பிட்டான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை அவன் முகம் தூக்கியிருந்தது.

"நேத்து நாலு வாட்டி அடிச்சேன்க்கா."

"பாத்தேன் சார்."

"பாத்துட்டுமா எடுக்கல?"

"அவசரம்னா ஒரு வரி எழுதிப் போட்டிருப்பீக. எழுதல. அப்ப திங்கக்கெழம வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். என்ன விசயம் சார்?"

ராம்குமார் கொஞ்சம் நெளிந்தான். "ஸ்டேப்ளர் எங்கன்னு கேக்கத்தான்."

"ரெண்டாவது டிராயர்."

அதற்குப் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடவில்லை. நாகஜோதியும் சொன்ன சொல்லைக் காத்தாள். அலுவலக நேரத்தில் அவள் போன் மேசைக்குள் இருக்கும். அவசரத்துக்கு மையத்தின் நம்பரை அடுப்படிச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். முதல் வாரம் பெத்தம்மாள் அந்த நம்பருக்கு மூன்று தடவை கூப்பிட்டாள்: புளி எங்கே, தூக்குவாளி மூடி எங்கே, பூனை பாலைக் குடித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நாகஜோதி பொறுமையாகச் சொன்னாள்: "சாயங்காலம் வந்து பாக்குறேன் அத்தை." நான்காவது தடவை பெத்தம்மாள் கூப்பிடவில்லை. பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

ஆபீசைக்கூட ஒரு கடிதத்தில் சரிக்கட்டிவிடலாம், வீட்டை என்ன செய்வது என்று பஸ் ஜன்னலில் சாய்ந்தபடி அவள் நினைத்துக்கொள்வாள். வெளியே வேலிக்கருவையும் உழுது போட்ட கரிசலும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நாற்பது நிமிடம் அவளுக்குப் பிடித்திருந்தது. யாரும் அவளைக் கூப்பிட முடியாத நாற்பது நிமிடம்.

* * *

செவ்வாய்க்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு அவள் வீடு வந்து சேர்ந்தபோது, வாசலில் கூட்டம் நின்றது. நடுவில் கீழத் தெரு தெரசாள். பருத்தி எடுக்கவும் களையெடுக்கவும் போகிறவள், புருசன் இல்லை. பக்கத்தில் அவள் மகள் சுஜிதா, கண் வீங்கி நின்றாள்.

"வாம்மா நாகஜோதி" என்றாள் தெரசாள். "எம்புள்ள காகிதத்த என்ன செஞ்ச?"

"எந்தக் காகிதம் தெரசாக்கா?"

"வருமானச் சான்றிதழுக்குக் குடுத்தது. நர்சிங் காலேஜுல வெள்ளிக்கெழமதான் கடைசி. அதுக்குள்ள குடுக்கலேன்னா சீட்டு அடுத்த புள்ளைக்குப் போயிரும்னுட்டாக. பன்னெண்டு நா ஆச்சு இந்த வீட்டுல குடுத்து. பெரியம்மா கையிலதான் குடுத்தேன். மருமககிட்டக் குடுத்துட்டேன்னு அவுகளே சொன்னாக."

எல்லோரும் பெத்தம்மாளைப் பார்த்தார்கள்.

பெத்தம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆமா" என்றாள். "குடுத்தேன்… அன்னைக்கே இவகிட்டக் குடுத்துட்டேன்."

நாகஜோதி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். பெத்தம்மாளின் கை முந்தானை நுனியைத் திருகித் திருகிக் கயிறாக்கிக்கொண்டிருந்தது. பதினான்கு வருடம் ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் நின்ற இருவர் அவர்கள். ஒருத்தி பொய் சொன்னால் அடுத்தவளுக்குத் தெரியாமல் போகாது. இப்போது நாகஜோதி, 'என் கையில் வரவில்லை' என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். எழுபது வயதுக்காரி ஊர் முன்னால் தலைகுனிய வேண்டியிருக்கும்.

அவள் தெரசாளின் பக்கம் திரும்பினாள்.

"இந்த வீட்டுக்குள்ள வந்த காகிதம் காணாமப் போனா, அது என் பொறுப்புதான்க்கா. நாளைக்கு ஒம்பதரைக்கு ஆபீசுக்கு வாங்க. சுஜிதா, உன் ஆதார், ரேசன் கார்டு, போட்டோ, ஓடிபி வர்ற போன், எல்லாம் எடுத்துட்டு அம்மாவோட வா."

"கையிலயே இருக்கு அத்தை. இப்பவே வாங்கிக்கங்க" என்று சுஜிதா நீட்டினாள்.

நாகஜோதி கையை நீட்டவில்லை. "வேண்டாம் தாயி. வீட்டுல வாங்குனதுலதான் இம்புட்டும் வந்துச்சு. அங்க வா. மனுப் போட்டு, நம்பரோட ரசீது உங்கையில குடுத்துருறேன். பெறகு யாரும் உன்னத் தேட வைக்க முடியாது."

"கல்லு மனசுய்யா" என்று யாரோ சொன்னார்கள். "இப்பயும் ஆபீசு நேரம் பாக்குறா."

தெரசாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளை இழுத்துக்கொண்டு போனாள். கூட்டம் கலைந்தது. எல்லோரும் போனபிறகு உக்கிரபாண்டி மெதுவாகச் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட நாகஜோதி தாங்கியிருப்பாள்.

"எங்கப்பா காலத்துலருந்து இந்த வாசல்ல ஒருத்தரும் அழுதுட்டுப் போனதில்ல. உன் நேரமும் வேணாம், உன் உத்தியோகமும் வேணாம். இந்த வாரத்தோட நிறுத்திக்க."

"ஏங்க… அந்தப் புள்ள காரியம் முடியட்டும்."

"முடியட்டும். வியாழக்கெழமையோட நிறுத்திக்க."

பெத்தம்மாள் அன்று சாப்பிடவில்லை. பசியில்லை என்றாள். தட்டை வைத்த நாகஜோதி, "கொஞ்சமாச்சும் சாப்பிடுங்க அத்தை" என்றபோது, அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

* * *

புதன்கிழமை ஒன்பது முப்பத்தைந்துக்கு நாகஜோதி சுஜிதாவின் மனுவைப் பதிந்தாள். ரசீதின் பின்பக்கம் தன் கையால் எழுதிக் கொடுத்தாள்: யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்கு அவர் இருப்பார், என்ன கேட்பார், எந்த நகலைக் காட்ட வேண்டும். "நேரா கிராம அலுவலரப் போயிப் பாருங்க. பதினொண்ணுக்குள்ள போனா இருப்பாரு. அழுகாதீக. கடைசித் தேதி போட்ட காலேஜுக் கடுதாசியக் காட்டுங்க, அது போதும்."

தெரசாள் ரசீதை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. நாகஜோதி அதை எதிர்பார்க்கவும் இல்லை. மாலைக்குள் மனு ஒரு மேசை தாண்டியிருந்தது. இன்னும் இரண்டு மேசை.

வியாழன் காலை அவள் சமையலை முடித்துவிட்டு, அடுப்பு மேடையில் ஒரு தாளை வைத்து எழுதினாள். பெத்தம்மாள் உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னத்தா எழுதுற?"

"வேலையிலருந்து நிக்கிறதுக்குக் கடுதாசி அத்தை. வாயால சொல்லிட்டு வாரது முறையில்ல."

"அவன் சொன்னதுக்காகவா?"

நாகஜோதி பேனாவை மூடினாள். "அவுக சொன்னதுக்காக இல்ல. நான் போயிட்டு வந்துக்கிட்டு இருந்தேன்னா, காகிதம் எப்படித் தொலஞ்சதுன்னு ஊரு கேட்டுக்கிட்டே இருக்கும். கேட்டுக் கேட்டு ஒருநா கண்டுபிடிச்சிரும். அது வேண்டாம் அத்தை."

அவ்வளவுதான் சொன்னாள். தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். எட்டு இருபது பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பெத்தம்மாள் அடுப்படியில் நின்றாள். மருமகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே… மூன்று நாளாக ஒரு வார்த்தை… ஒரு முறைப்பு கூட இல்லை. அவள் திட்டியிருந்தால் பெத்தம்மாள் திருப்பித் திட்டியிருப்பாள். அதில் மனசு ஆறியிருக்கும்.

* * *

மத்தியானம் மூன்று மணி. மையத்தில் நல்ல கூட்டம். நாகஜோதி நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்குள் அந்தக் கடிதம் இருந்தது. ஐந்தரைக்குக் கொடுப்பதாக எண்ணம். சுவரோரம் தெரசாள் உட்கார்ந்திருந்தாள். கடைசிக் கையெழுத்து மட்டும் பாக்கி. எந்த நேரமும் வரலாம்.

"முப்பத்தொண்ணு" என்று ராம்குமார் கூப்பிட்டான்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு மஞ்சள்பை வந்து நின்றது. நாகஜோதி நிமிர்ந்தாள்.

"அத்தை… யாரோட வந்தீக?"

"ஒருத்தரும் இல்ல. பஸ்ஸுல வந்தேன்."

"எம்புட்டு நேரமா நிக்கிறீக? என்னக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"ஒரு மணி நேரம் ஆச்சு. முன்னாடி போங்கன்னு ரெண்டு பேரு சொன்னாக. நான்தான் போகல." பெத்தம்மாள் மஞ்சள்பையை மாரோடு அணைத்துக்கொண்டாள். "நீ வேலை பாக்குறதப் பாத்துக்கிட்டு நின்னேன். ஒரு கெழவன் மூணு தடவ ஒண்ணையே கேட்டான். மூணு தடவையும் மொத தடவ மாதிரியே சொன்ன. இம்புட்டு சனத்துக்கும் ஒரே முகம் காட்டுற. நான் மொத வாரம் மூணு தடவ போன் அடிச்சப்ப, நீ சாயங்காலம் பாக்குறேன்னதுக்கு உன்மேல வருத்தப்பட்டேனே…"

அவள் மஞ்சள்பையை மேசைமேல் கவிழ்த்தாள். ஏழு கட்டுகள். ஒவ்வொன்றும் பருத்தி நூலால் கட்டியிருந்தது. ரேசன் கார்டு நகல்கள், பத்திர நகல்கள், போட்டோக்கள். நடுவில் ஒரு நீல உறை. அதன்மேல் சுஜிதாவின் எழுத்து.

தெரசாள் எழுந்து வந்துவிட்டாள். உறையைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"ஆமா தெரசா" என்றாள் பெத்தம்மாள். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. "விதைப் பானைக்குள்ள வச்சிருந்தேன். இவ கையில நான் குடுக்கவே இல்ல. குடுத்தேன்னு சொன்னது பொய்யி."

"எம்மக மூணு நாளாச் சோறு திங்கல பெரியம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா…" தெரசாளால் முடிக்க முடியவில்லை. பிறகு மெல்லத் திரும்பி நாகஜோதியைப் பார்த்தாள். "அப்ப நீ? செவ்வாக்கெழம நான் உன்ன அம்புட்டுப் பேர் முன்னாடி கேட்டேன். உனக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிக்கிட்டு நின்னியா?"

நாகஜோதி நீல உறையைத் தெரசாளின் பக்கம் நகர்த்தினாள்.

"ஏன் வாங்கி வச்சேன்னு கேளு தெரசா" என்றாள் பெத்தம்மாள். கண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை. "இவ மாமா விழுந்த நாள்லருந்து எங்க வாசலுக்கு ஒரு நாதி வந்ததில்ல. சீக்காளி வீடுன்னு ஒதுங்கிப் போனாக. இவ ஆபீசுக்குப் போன மறுநாளு மூணு பேரு வந்து நிக்கிறாக. பெத்தம்மா, உம்மருமக இருக்காளா, அவகிட்டச் சொல்லி முடிச்சுக் குடுன்னு… எனக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுமா? இவ அத்தன பேரையும் ஆபீசுக்கு வா, ஆபீசுக்கு வான்னு அனுப்பிட்டா. நான் கொல்லப்பக்கமாக் கூப்பிட்டு வாங்கி வச்சேன். நல்ல வேளை பாத்துக் குடுக்கலாம்னு இருந்தேன். இவகிட்ட எறங்கிப் போயிக் கேக்க மனசு வரல. நாளு போச்சு. பெறகு பயம் வந்துருச்சு."

பெத்தம்மாள் கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கும் நான்தான் உன்ன இருக்கச் சொன்னேன்" என்று நாகஜோதியைப் பார்த்துச் சொன்னாள். "மில்லு வேலைக்குப் போகவேண்டிய புள்ளைய. நீ ஒரு வார்த்தை பேசல. இன்னைக்கும் என்னாலதான் நிக்கப் போற, இப்பயும் பேசல. ரெண்டு தடவ நான் உன் வயித்துல அடிக்க மாட்டேன்த்தா. எங்க அந்தக் கடுதாசி? குடுத்துட்டியா?"

"இல்ல. மேசைக்குள்ள இருக்கு."

"குடுக்காத."

நாகஜோதி ராம்குமாரைத் திரும்பிப் பார்த்தாள். "அஞ்சு நிமிசம் வேணும் சார்."

"பத்தே எடுத்துக்கங்கக்கா" என்றான் அவன்.

அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். காலில் விழக் குனிந்த பெத்தம்மாளை இரண்டு தோளிலும் பிடித்து நிறுத்தி மார்போடு சேர்த்துக்கொண்டாள். கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று ஒரு மனிதரை வருடக்கணக்கில் தூக்கித் திருப்பிய அந்த இரண்டு பேரும், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டது அதுவே முதல் தடவை. பெத்தம்மாள் குலுங்கி அழுதாள். நாகஜோதி சத்தமில்லாமல் அழுதாள். அந்தக் கண்ணீரில் துக்கம் கொஞ்சம்தான்.

"போதும் அத்தை… எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும். பாக்கத்தான் வந்தேன்."

மூன்று நாற்பதுக்குத் திரையில் சுஜிதாவின் எண்ணுக்கு நேரே பச்சை நிறம் விழுந்தது. பிரிண்டர் ஓடியது. நாகஜோதி பெயர், தேதி, எண் மூன்றையும் விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டுத் தாளை நீட்டினாள். தெரசாள் அதை வாங்கி மடிக்கப் பயந்து, இரண்டு கையிலும் ஏந்தினாள்.

"நான் பேசுனத மனசுல வச்சுக்காத" என்றாள்.

"நீங்க கேட்டது சரிதான்க்கா. கேக்காம விட்டிருந்தாத்தான் தப்பு."

தெரசாள் வாசல்வரை போனவள் நின்றாள். பெத்தம்மாளிடம் திரும்பினாள். "பெரியம்மா, உங்கமேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு."

"இருக்கட்டும்த்தா. அது எனக்கு வேணும்."

பெத்தம்மாள் ஐந்தரை வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அடுத்து வந்த பெரியவருக்கு என்னென்ன நகல் வேண்டும் என்று எழுதித் தரத் தாள் தேடிய நாகஜோதி, மேசைக்குள் இருந்த கடிதத்தை எடுத்துப் பிரித்து, அதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள்.

* * *

வீட்டில் உக்கிரபாண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மாவைக் காணோம் என்று தெருத் தெருவாகத் தேடியிருந்தார். பெத்தம்மாள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏலே, நீ வேலைய விடச் சொல்லிருக்க வேண்டியது இவள இல்ல. பொய் சொன்ன என்னைய வீட்ட விட்டுப் போகச் சொல்லிருக்கணும். தெரசா காகிதத்தத் தொலச்சது நான்."

நடந்ததை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். தங்கலட்சுமி வாயில் கை வைத்து நின்றாள். உக்கிரபாண்டி கடைசிவரை கேட்டார். பிறகு அடுப்படிக்கு வந்தார். நாகஜோதி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நான் உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றார்.

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

"அதுவும் தெரியும். அதனாலதான் கேட்டிருக்கணும்." கொஞ்சம் தயங்கினார். "நாளைக்கு எட்டு இருபதுதான?"

"எட்டு இருபதுதான்."

"தங்கலட்சுமி நாளைக்குப் பாளையம்பட்டிக்கு அவுக அம்மா வீட்டுக்குப் போறாளாம். மத்தியானச் சோத்த நான் வச்சுருறேன். எம்புட்டு அரிசின்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

நாகஜோதி சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டாள். கண் கலங்கியதை மறைக்கவும் அதுவே உதவியது.

வாசலில் பெத்தம்மாள் மஞ்சள்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே மீதி ஆறு கட்டுகள்.

"எங்க அத்தை கெளம்புறீக? இருங்க, நான் கூட வாரேன். ஆறு வீடு, ஆளுக்கு மூணா…"

"நீ இரு. இன்னைக்கு உன் வேலை முடிஞ்சிருச்சு. வாங்கி வச்சது நான். திருப்பிக் குடுக்குறதும் திட்டு வாங்குறதும் என் வேலை."

நாகஜோதி அப்புறம் தடுக்கவில்லை. உலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. தெருவில் முதல் வீட்டில் பெத்தம்மாள் தலைகுனிந்து நின்றதைப் பார்த்தாள். இரண்டாவது வீட்டில் ஏதோ சத்தம் கேட்டது. யாரோ கோபமாகப் பேசினார்கள், பெத்தம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது அவள் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. நான்காவது வீட்டு வாசலில் அவள் குரல் தெருமுழுக்கக் கேட்கும்படி எழுந்தது.

"இந்தா உங்க காகிதம். தப்பு என்னுது. நாளைக்கு ஒம்பதரைக்கு நேரா ஆபீசுக்குப் போங்க, எம்மருமக இருப்பா. அஞ்சரைக்குள்ள போங்க. அதுக்குமேல வந்தா அவ இருக்க மாட்டா. அந்த நேரம் எங்களோடது."